சுடாத கால்

சர்க்கரை நோய்ப் பிரிவில் வேலை பார்க்கிற நர்ஸிடம் இரண்டே இரண்டுதான் உண்மை பேசும்: ஒன்று நோயாளியின் ரத்தம், இன்னொன்று அவருடைய பொண்டாட்டி.

ரிஷிவந்தியம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே சுகர், பிரஷர்காரர்களுக்கு மாத்திரை கொடுத்து, எதைச் சாப்பிட வேண்டும், எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்கிற மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். சொல்கிற என்று நாகரிகமாக எழுதிவிட்டேன். கத்துகிற என்பதுதான் சரி. என் குரல் வெளியே டீக்கடை வரை கேட்கிறது என்பார் எங்கள் டாக்டர். உங்கள் வீட்டிலும் யாருக்காவது சுகர் இருந்து, அவர் கையிலிருந்து மைசூர்பாகைப் பிடுங்கி, அதற்காக ஒரு வாரம் முகம் பார்க்காமல் கிடந்திருப்பீர்கள். என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். உங்களுக்கு ஒரே ஆள், எனக்கு ஒரு காலைக்கு அறுபது பேர். அந்த அறுபதில் ஒருவருடைய வலது காலைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மூன்று நாள் நல்லவர்கள்

எங்கள் பக்கம் ஒரு பழக்கம். மாதம் ஒரு நாள் ரத்தம் பார்க்கிற தேதி வரும். அதற்கு மூன்று நாள் முன்னால் எல்லோரும் திருந்திவிடுவார்கள். இனிப்பு இல்லை, கிழங்கு இல்லை, ராத்திரி இரண்டு தோசையோடு எழுந்துவிடுவார்கள். நான்காம் நாள் காலை வெறும் வயிற்றோடு வந்து விரலை நீட்டினால் எண் அழகாக வரும். மாத்திரையை வாங்கிக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போய் மூன்று போண்டாவில் விரதத்தை முடிப்பார்கள். என் ஜன்னலில் இருந்து டீக்கடை தெரியும் என்பது இன்னும் அவர்களுக்குத் தெரியாது.

ஏழுமலையும் அப்படி வந்தவர்தான். ஐம்பத்திரண்டு வயது, குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கரும்பு. வலது காலில் ஒரு புண் ஆறாமல் போய், கள்ளக்குறிச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டு, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தச் சொல்லி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். புண் எப்படி வந்தது என்று கேட்டேன். செருப்புக் கடி என்றார். எங்கள் டாக்டர் சீட்டை இரண்டு முறை படித்துக் காட்டினார்: சர்க்கரை இறங்க வேண்டும், அந்தக் காலில் இன்னொரு புண் வரக் கூடாது, வந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு மாதமும் அவருடைய வெறும் வயிற்று எண் பிரமாதம். மூன்றாம் மாதம், மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற பரிசோதனையை எடுத்தோம். சாயம் வெளுத்துவிட்டது. நான் சீட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"மூணு மாசமா பண்ணத இத்தினூண்டு ரத்தத்துல புடிச்சிருதா? இந்த மிஷின ஒண்ணு எங்கூரு பஞ்சாயத்து ஆபீஸ்ல வெச்சா ரொம்ப நல்லா இருக்குமே, நர்ஸம்மா!"

எந்தக் கரண்டி

ஒரு சனிக்கிழமை மதியம் சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்கே போய் நின்றேன். அவர் மனைவி அஞ்சலை அப்போதுதான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். மதியத்துக்கு மூன்று கரண்டி சோறு, தட்டில் பாதிக்குக் காயும் கீரையும், கூட ஏதாவது பயறோ முட்டையோ என்று நான் சொல்லியிருந்தேன். அஞ்சலை கணக்குப் பிசகாமல் மூன்று கரண்டிதான் போட்டார். ஆனால் அந்தக் கரண்டி, நடவு ஆட்களுக்குச் சோறு போடுகிற கரண்டி. அதில் ஒன்று போட்டால் என் வீட்டில் இரண்டு பேர் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். ராத்திரிக்கு என்ன என்று கேட்டேன். கேழ்வரகுக் களி சுகருக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம், அதனால் தேங்காய் பருமனில் நாலு உருண்டை.

நான் ஆடின ஆட்டத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. குழம்புக் கரண்டியைத் தேடி எடுத்து, இதுதான் கரண்டி என்றேன். களி என்றாலும் ஒரே உருண்டை, அதுவும் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு என்றேன். அடுப்படியில் இருந்த சர்க்கரை டப்பாவையும் வெல்லத்தையும் எடுத்து, இது வீட்டில் இருக்கவே கூடாது, இப்போதே பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள் என்றேன். அஞ்சலை மறுபேச்சு பேசாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். பெரிய கரண்டியைப் பரண் மேல் போட்டார். புதுக் கரண்டியில் மூன்று போட்டு, பக்கத்தில் முருங்கைக் கீரையையும் அவரைக்காயையும் குவித்து வைத்தார். ஏழுமலை தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது எனக்கு வெச்ச மாதிரி தெரிலியே. காக்காவுக்கு வெச்ச மாதிரி இல்ல இருக்குது!"

கண்ணை மூடினால்

எங்களிடம் ஒரு சின்ன நைலான் இழை உண்டு. கண்ணை மூடச் சொல்லி, அதைப் பாதத்தில் அங்கங்கே தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்போம். ஏழுமலை கண்ணை மூடுகிற மாதிரி மூடி, இமைக்கு அடியில் பார்த்துக்கொண்டே, "தொடறீங்க, தொடறீங்க" என்று எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். கூட வந்திருந்த அஞ்சலையை விட்டு முந்தானையால் அவர் கண்ணை மூடச் சொன்னேன். அதற்குப் பிறகு, நான் தொடாதபோது "தொடறீங்க" என்றார். தொட்டபோது சும்மா இருந்தார்.

பாதத்தைத் திருப்பினேன். குதிகாலில் ஒரு கருவேல முள் உடைந்து உள்ளே இருந்தது. தண்ணீர் பாய்ச்சப் போனபோது குத்தியிருக்கும், இரண்டு நாளாக அதோடேயே நடந்திருக்கிறார். முள்ளை எடுத்து மருந்து வைக்கும்போது அழுதது அஞ்சலைதான். ஏறின சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டது, இந்தக் கால் இனிமேல் எதையும் உங்களுக்குச் சொல்லாது, அதனால் குளிக்கிற இடத்துக்குப் போவதற்குக்கூட வெறுங்காலில் இறங்கக் கூடாது என்று சொல்லி, மெத்தென்ற ரப்பர் வைத்து, பட்டை ஒட்டுகிற சர்க்கரைச் செருப்பு ஒரு ஜோடி கொடுத்தேன். ஏழுமலை தன் காலைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்.

"முள்ளு குத்துனாலும் தெரில, கல்லு குத்துனாலும் தெரில. நீங்க நரம்புன்றீங்க. எங்கூர்ல இதுக்கு வேற பேரு, நர்ஸம்மா."

என்ன பேர் என்று நான் கேட்டிருக்க வேண்டும். வரிசையில் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள்.

இறங்கிய எண்

அந்தக் குழம்புக் கரண்டி வேலை செய்தது. அஞ்சலை முதலில் கீரையையும் சுண்டலையும் வைப்பார், அதைத் தின்று முடித்தால்தான் சோறு. கரும்பு வெட்டு நடக்கிற நாட்களில் டிபன் பாக்ஸோடு கூடவே போய் வரப்பில் உட்கார்ந்துகொள்வார், இவர் ஒரு கணு கரும்பைக் கூடக் கடிக்க முடியாது. மாத்திரையும் தவறவில்லை. ஆறு மாதம் கழித்து அந்த மூன்று மாதச் சராசரி நன்றாக இறங்கியிருந்தது. சுண்டுவிரல் இருந்த இடம் காய்ந்து, தோல் மூடியிருந்தது.

எங்கள் வேலையில் இந்த மாதிரி நாள் வருடத்துக்கு இரண்டு வந்தால் அதிகம். நான் கைதட்டிவிட்டேன். இப்போது ஒரு நன்றி வரும் என்று, சொல்ல வெட்கமாக இருந்தாலும், எதிர்பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை என் பக்கம் திரும்பவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த அம்மன் படம் போட்ட காலண்டர் முன்னால் கைகூப்பி நின்றார். பிறகு காலண்டரைப் பார்த்தபடியே சொன்னார்:

"சொன்னத அவ செஞ்சிட்டா. இனிமே நான் செய்யணும்."

சாமை

வைகாசியில் கல்வராயன் மலைக்கு முகாம் போனோம். வெள்ளிமலையைத் தாண்டினால் போனில் சிக்னல் கிடையாது. ஒரு பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம். பொன்னம்மா என்று ஒரு அம்மாளுக்குப் புதிதாகச் சுகர். நான் வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன்: அரிசியைக் குறையுங்கள், சாமை சாப்பிடுங்கள், தினை சாப்பிடுங்கள், அதுவும் அளவாகச் சாப்பிடுங்கள். அந்த அம்மாள் நான் முடிக்கிற வரை பொறுமையாகக் கேட்டார். அவருடைய கொல்லையிலேயே சாமை விளைகிறது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. விளைந்ததும் மூட்டையோடு கீழே போய்விடுகிறது, வீட்டில் பொங்குவது ரேஷன் அரிசி. கள்ளக்குறிச்சி கடையில் வாங்கிய சாமைப் பாக்கெட் ஒன்று என் அடுப்படியிலும் இருக்கிறது, என் வீட்டுக்காரருக்காக. அதை நினைத்ததும் பாட்டை நிறுத்திவிட்டேன். அடுத்த வெள்ளாமையில் ஒரு மூட்டையை வீட்டுக்கு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்தார்.

"கீழ இருந்து வந்து சாமைய வாங்கிக்கினு போறவங்க, அவங்க சுகர இங்க எறக்கி வெச்சிட்டுப் போயிட்டாங்கம்மா."

சர்க்கரை இல்லாத வீடு

மத்தியானம் ஜீப் மலையிறங்கி சிக்னல் வந்ததும் என் போன் துடிக்க ஆரம்பித்தது. அஞ்சலையிடமிருந்து பதினொரு முறை அழைப்பு வந்திருந்தது. திரும்பக் கூப்பிட்டேன். கரும்புக் கொல்லையில் இருந்து ஏழுமலையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டிருக்கிறார்கள். சட்டை பிழிகிற அளவுக்கு வியர்வை, கை உதறுகிறது, கூடப் பிறந்த தம்பியையே யார் என்று கேட்கிறார். "சுகரு ஏறிடுச்சி போல, இன்னொரு மாத்திரை குடுக்கலாம்னு கையில எடுத்து வெச்சிக்கினு இருக்கேன் நர்ஸம்மா" என்றார் அஞ்சலை.

"மாத்திரையைக் கீழே போடு!" என்று நான் அலறியதில் டிரைவர் ஜீப்பை ஓரம் கட்டிவிட்டார். ஏறவில்லை, அடியோடு இறங்கிவிட்டது. முழுங்க முடிகிறதா என்று கேட்டேன், முடிகிறது என்றார். "மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சு உடனே குடு, அக்கா." மெதுவாக, "வூட்ல சர்க்கரையே இல்லியே. நீங்கதான குடுத்துடச் சொன்னீங்க?" என்றார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு என் மேலேயே வந்த பயம் வேறு எந்த நாளும் வந்ததில்லை. ஏறினால் என்ன செய்வது என்று ஆறு மாதம் கத்தியிருக்கிறேன், இறங்கினால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை அந்த அம்மாளின் காதில் விழும்படி சொல்லவில்லை. "பக்கத்து வூட்டுக்கு ஓடு!" என்றேன். ஓடினார். போன் தரையில் கிடந்தது போல. யாரோ ஏழுமலையின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது, கோழி கத்துவது கேட்டது, பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. எத்தனை நேரம் என்று தெரியாது. கடைசியில் ஏழுமலையின் குரல், குழறிக்கொண்டு, ஆனால் அவருடைய குரல்தான்:

"இன்னாடி இது, தித்திக்குது? நர்ஸம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்கடி!"

முழுக்கைச் சட்டை

சாப்பிட வைத்து, ஆம்புலன்ஸில் எங்கள் நிலையத்துக்கு வரவழைத்து, படுக்கையில் போட்டு விரலைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். இட்லி என்றார். அஞ்சலை சுவரைப் பார்த்தார். பிரஷர் பார்க்கச் சட்டைக் கையை மடிக்கச் சொன்னேன். அந்த வைகாசி வெயிலில் முழுக்கைச் சட்டை, பொத்தான் வேறு போட்டிருந்தார். இந்தக் கை வேண்டாம் அந்தக் கை என்றார். நானே பொத்தானைக் கழற்றி மடித்தேன். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, நடுவில் ஒரு துண்டு மஞ்சள். காப்பு.

ஊர் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு இன்னும் ஐந்து நாள். காப்பு கட்டினவர்களுக்குச் சாயங்காலம் ஒரு வேளைதான் சாப்பாடு. சாப்பாட்டை நிறுத்தியவர் காலை மாத்திரையை நிறுத்தவில்லை. ஏன் என்றால், "மாத்திரைய உட்டா நீங்க கத்துவீங்களே." காப்பை ஏன் சொல்லவில்லை என்றால் அதற்கும் அதே பதில்தான். பிறகு எல்லாம் வெளியே வந்தது. சுண்டுவிரலைத் தின்றது செருப்பு இல்லை. போன வருடத் தீமிதியில் எல்லோரும் ஓடினார்களாம், இவர் மட்டும் நிதானமாக நடந்தாராம். சுடவே இல்லையாம். அம்மனே இவர்மேல் வந்து இறங்கியிருக்கிறாள் என்று ஊரே காலில் விழுந்ததாம். மறுநாள் கொப்புளம் வந்தபோது அதை யாரிடம் காட்டுவார்? விரலை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது வேண்டிக்கொண்டாராம்: சுகர் இறங்கி, புண் ஆறினால் மறுபடியும் இறங்குகிறேன் என்று. சுகர் இறங்கிவிட்டது. இறக்கினது நான்தான் என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

"வாயக் கட்டுன்னு சொன்னது நீங்க. கட்டறதுக்கு மனச குடுத்தது அவதான, நர்ஸம்மா?"

இரண்டு டம்ளர்

டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்திவைத்து, தீயில் இறங்கினால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்லிவிட்டுப் போனார். ஏழுமலை தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். அறுபது பேரும் ஆட்டுவது அதைத்தான். கத்துவதற்கு வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். கத்திக் கத்தித்தான் இந்த மனுஷன் காப்பை மறைத்தார் என்று அப்போதுதான் உறைத்தது. மேசையில் எனக்கு வந்த டீ இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது, தோலைப் பொசுக்குகிற சூடு இல்லை. இன்னொரு டம்ளரில் பானைத் தண்ணீர் எடுத்தேன். கண்ணை மூடச் சொல்லி, ஒன்றன் பின் ஒன்றாக அவர் பாதத்தில் வைத்தேன். "பச்சத் தண்ணி" என்றார். அடுத்ததுக்கும் "பச்சத் தண்ணி" என்றார். கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லி, அதே டீ டம்ளரை அஞ்சலையின் காலில் வைத்தேன். அவர் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

"இந்த ரூம்ல தீமிதி நடக்கல, அண்ணே. அம்மனும் வரல. ஆனாலும் உங்களுக்குச் சுடல" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். டம்ளரை வாங்கித் தன் கையால் தொட்டுப் பார்த்தார். மறுபடி காலில் வைத்துப் பார்த்தார். மறுபடி கையால் தொட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, கத்தியே தொலைத்திருக்கலாம் என்று தோன்றியது. ஒரு மனுஷன் ஒரு வருடமாக நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்ததை ஒரு டம்ளர் டீயால் பிடுங்கிவிட்டேன்.

"அப்போ போன வருஷம் அம்மா என்கிட்ட வரவே இல்லியா?"

பூசாரி

ஏழுமலை பதிலுக்குக் காத்திருக்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இறங்குகிறேன் என்றும் சொல்லவில்லை, இறங்கவில்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் கோயிலுக்குப் போய்ப் பூசாரியைப் பார்த்தேன். வேப்பங்கட்டையும் புளியங்கட்டையும் குண்டத்துப் பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காப்பு கட்டினவரை எப்படியாவது நிறுத்த முடியுமா, அம்மன் வேண்டாமென்று சொன்னதாக நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அம்மன் சொல்லாததை நான் சொல்ல முடியாது என்று பூசாரி பட்டென்று சொல்லிவிட்டார். அதில் தப்பு சொல்லவும் என்னால் முடியவில்லை.

அப்புறம் அவரே சொன்னார். ஒரு வீட்டு வேண்டுதலை அந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் தீர்க்கலாம், புருஷனுக்காகப் பொண்டாட்டி இறங்குவது இங்கே புதிது இல்லை. அஞ்சலையைக் கேட்டுப் பார்க்கலாமா என்றேன். கேட்கும்போதே எனக்கே அது சரியாகப் படவில்லை, ஒரு காலைக் காப்பாற்ற இன்னொருவர் காலைக் கொடுக்கச் சொல்கிறேனே என்று. பூசாரி கட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டாவது ஆளு. காலைலயே அந்தப் பொண்ணு வந்து காப்பு கட்டிக்கினு போயிடுச்சி. ஆனா அவனும் மஞ்ச வேட்டியோட வந்து நின்னா, நான் புடிச்சி நிறுத்த மாட்டேன், சொல்லிட்டேன்."

பால் குழி

வருடா வருடம் தீமிதிக்கு எங்கள் நிலையத்திலிருந்து மருந்துப் பெட்டியோடு இரண்டு பேர் போவார்கள். இந்த வருடம் நான் கேட்டு வாங்கிப் போனேன். சாயங்காலம் தணலைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நின்ற இடத்துக்கே முகம் காய்ந்தது. குண்டம் முடிகிற இடத்தில் பால் குழி, தீயில் நடந்தவர்கள் கால் நனைக்கிற இடம். பம்பை அடி ஆரம்பித்தது. கூட்டம் விலகியது. மஞ்சள் வேட்டியில் ஏழுமலை வந்தார். பின்னாலேயே மஞ்சள் புடவையில் அஞ்சலை.

கோயில் வாசலில் செருப்போடு நிற்கிறானே என்று யாரோ முணுமுணுத்தார்கள். அப்போதுதான் பார்த்தேன், காலில் நான் கொடுத்த அந்தச் சர்க்கரைச் செருப்பு. கரகம் முதலில் இறங்கியது, அதன் பின்னால் "கோவிந்தா" சத்தத்தோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். "ஏழுமல, வா, போன வருஷம் மாதிரி நட, பாக்கலாம்" என்று ஒரு குரல் வந்தது. அவர் குனிந்தார். செருப்புப் பட்டையைப் பிரித்தார். கத்த வேண்டிய இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றது பதினோரு வருடத்தில் அது இரண்டாவது முறை. அவர் நிமிர்ந்து தணலைப் பார்த்தார், அஞ்சலையைப் பார்த்தார். மறுபடி குனிந்து பட்டையை ஒட்டினார். அஞ்சலை வேப்பிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி இறங்கிவிட்டார். நடக்கவில்லை, ஓடினார். குண்டத்துக்கு வெளியே, கயிற்றை ஒட்டி, அந்தச் செருப்போடு நொண்டிக்கொண்டே ஏழுமலையும் கூடவே ஓடினார்.

பால் குழியில் இருந்து அஞ்சலையைக் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார். நான் பெட்டியோடு போவதற்குள் அவரே மனைவியின் இரண்டு பாதத்தையும் மடியில் எடுத்து வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கால் சிவந்திருந்தது, தோல் எங்கும் பிரியவில்லை. "சுட்டுச்சாடி?" என்று கேட்டார். "நெருப்பு சுடாம பின்ன இன்னாய்யா பண்ணும்? நல்லா சுட்டுச்சி" என்றார் அஞ்சலை. ஏழுமலைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நல்லா சுட்டுச்சின்னா சரி. நல்லா சுட்டுச்சின்னா சரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மருந்து தடவுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

காப்பை அவிழ்த்ததும் எல்லோருக்கும் பானகம் கொடுத்தார்கள், வெல்லம் தாராளமாகப் போட்ட பானகம். ஏழுமலை கையிலும் ஒரு டம்ளர் வந்தது. அவர் என் முன்னாலேயே நின்றுகொண்டு, முதுகைத் திருப்பாமல், டம்ளரை என் பக்கம் நீட்டிக் கேட்டார்:

"நர்ஸம்மா, இதுல பாதி குடிக்கட்டுமா?"

குடித்த பிறகு மறைக்கிறவர்களை மட்டுமே பார்த்த என் பதினோரு வருட வேலையில், குடிப்பதற்கு முன்னால் என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான் என்பதால், அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை எங்கள் டாக்டரிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.